சிறு தீவுகளில் யாத்திரீகர் வரவும், கரைவெட்டி ஏரிக்கு அதனால் கிடைக்கும் பாடமும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களுக்கு இக்காலத்தில் சமுத்திரக் கரை கிடையாது. காரை, குளக்காநத்தம் ஓடைகளில் கிடக்கும் நத்தை வடிவக் கற்கள் ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி பகர்கின்றன எனினும், அது பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய கதை. அவ்வாறிருக்க, சிறு தீவுகளின் விவகாரத்தை விவசாயிகளுக்குரிய இப்பக்கங்களில் எடுத்துப் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும்.

காரணம் இதுவே. ஈரான் தேசத்து ராம்சர் நகரில் 1971ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ஜாபிதா ஒன்று இருந்து வருகிறது. அதில் அரியலூர் ஜில்லாவின் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் சேர்க்கப்பட்ட செய்தி 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் வெளியாயிற்று. அவ்வாறு சேர்க்கப்பட்ட பரப்பு 453.72 ஹெக்டேர், அதாவது சுமார் 1,121 ஏக்கர். பெயர் பரவினால் வெளியூர் ஜனங்கள் நாடி வருவது இயல்பு. வந்தால் வருமானம் உண்டு, சங்கடமும் உண்டு. இவ்விரண்டையும் மிக நீண்ட காலமாக அனுபவித்து வருபவை சிறு தீவுகள். நாற்புறமும் எல்லை கட்டப்பட்ட இடத்தில், அளவு மீறி மனிதர் வந்து இறங்கினால் எது முதலில் கெடும், அதை எப்படித் தடுக்கலாம் என்பதைத் தீவுகளிடமிருந்து கற்றுக்கொள்வது சிக்கனமான வழி. சொந்த ஏரியைக் கெடுத்துக் கற்பது செலவு அதிகமான வழி.

தீவின் கிணறு

கிணற்றை நம்பிப் பயிரிடுவோர்க்குத் தீவின் தண்ணீர் நிலைமை எளிதில் விளங்கும். மணல் தீவில் பெய்த மழை நேரே கீழே இறங்குகிறது. பூமிக்கடியில் சுற்றிலும் இருப்பது உப்பு ஜலம். நல்ல தண்ணீர் கனம் குறைந்ததாகையால், உப்பு ஜலத்தின்மீது எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. கடல் ஜலம் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் அதிகம். ஆகவே 40 அடி உயரமுள்ள கடல் ஜலத்துக்கு ஈடு நிற்க 41 அடி உயரமுள்ள நல்ல தண்ணீர் வேண்டும். இதனால் ஏற்படும் கணக்கு யாதெனில், கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், கீழே 40 அடி வரையில் நல்ல தண்ணீர் இருக்கும் என்பதாம். ஒல்லாந்து தேசத்துப் பாடன் கைபன் என்பவரும், ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது.

கேட்பதற்கு இது நல்ல செய்தி போலத் தோன்றும். திருப்பிப் பார்த்தால்தான் இதன் அபாயம் தெரியும். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை அடி தாழ்த்தினால், அடியிலிருந்து உப்பு 20 அடி மேலேறி வரக்கூடும். அதுவும் உடனே நிகழ்வதன்று. மேலே இறைப்பு நடந்து கொண்டேயிருக்க, கீழே உப்பு மெள்ள ஏறிக்கொண்டிருக்கும். ஒரு கோடையில் வாளித் தண்ணீர் கரிக்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியவரும். நல்ல தண்ணீருக்கும் உப்புக்கும் நடுவே கலப்பு நீர் ஓர் அடுக்காக நிற்பதால், உண்மையில் பயன்படும் தண்ணீர் மேற்சொன்ன கணக்கைவிடக் குறைவு என்பதையும் மறக்கலாகாது. ஏற்றமும் தோண்டியும் கொண்டு பலர் பல கிணறுகளில் சிறுகச் சிறுக இறைத்தவரையில் கெடாத தீவுகள், ஒரே இடத்தில் ஆழ்குழாய் இறக்கிப் பெருக இறைத்தபோது கெட்டதற்கு இதுவே மூலகாரணம்.

இந்நிலைமையில் விடுதிகள் வந்தால் என்ன ஆகும்? 2019ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமவாசி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று வைத்திருக்கிறார்கள். தங்கும் விடுதிக்கு இந்தியத் தரநிர்ணயத்தில் காட்டியிருக்கும் அளவு, ஆள் ஒன்றுக்கு 180 லிட்டர். நூறு பேர் தங்கும் விடுதிக்கு 18,000 லிட்டர் ஆகிறது. அது 327 கிராமவாசிகளின் தண்ணீர். விடுதி நிரம்புவது எப்போதும் மழைக்காலத்தில் அன்று என்பதும் கவனிக்கத்தக்கது. மணலுக்குள் கழிவுத் தொட்டி அமைத்தால் அதன் கசிவும் அதே நீரடுக்கில்தான் போய்ச் சேருகிறது.

இராமேசுவரம்

இராமேசுவரத்துக்கு யாத்திரை செய்யாத குடும்பம் நம் பகுதிகளில் அரிது. ஆலயத்துள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடியவர்கள், கடலுக்கு அவ்வளவு அருகில் இவ்வளவு இனிப்பான ஊற்றா என்று வியந்திருப்பர். மேலே சொன்ன மிதக்கும் நீரடுக்கை நினைத்தால் இதன் காரணம் தெளிவாகும். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்படும்வரையில் தோணி ஏறித்தான் யாத்திரீகர் சென்றனர். தோணி கொள்ளும் அளவே கூட்டத்துக்கு அளவாக இருந்தது. 1988இல் சாலைப் பாலம் வந்தது. தனுஷ்கோடி நகரம் 1964 டிசம்பர் புயலில் அழிந்து, நெடுங்காலம் மணல்வெளியாய்க் கிடந்தது. 2017இல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பாலமும் நன்மையே. ஆயினும் தோணி வைத்திருந்த அளவைப் பாலம் வைத்திருப்பதில்லை. ஆகவே அளவை மனிதர் வேறு விதத்தில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியதாகிறது.

இராமநாதபுரம் ஜில்லாவுக்குக் குடிநீர், திருச்சிராப்பள்ளியையடுத்த காவிரிப் படுகையிலிருந்து குழாய் வழியே நெடுந்தூரம் கொண்டுபோகப்படுகிறது. வறண்ட ஜில்லாவின் தாகத்தைத் தீர்ப்பது தர்மமே. ஆனால் உள்ளூர் நீரில் கட்டுக்கோப்பு இல்லாத ஊர், வெகு தூரத்து ஆற்றை நம்ப நேரும் என்பதைக் காவிரி, கொள்ளிடக் கரையோரத்து மிராசுதார்கள் எளிதில் ஊகித்துக்கொள்வர்.

இலட்சத்தீவுகளில் நிலைமை இன்னும் நெருக்கம். மொத்த நிலப்பரப்பே சுமார் 32 சதுர கிலோமீட்டர். மனிதர் குடியிருக்கும் தீவுகள் 10. அங்கே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். கவரத்தித் தீவில் 2005ஆம் ஆண்டில், நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும்படி, கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் ஆழத்துக் குளிர்ச்சியையும் கொண்டு உப்பை நீக்கும் யந்திரசாலை அமைக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 2012இல் நியமித்த நீதிபதி ரவீந்திரன் கமிட்டியின் சிபாரிசுகளை ஒட்டி, தீவுவாரியாக எங்கே எவ்வளவு கட்டலாம் என்ற திட்டங்களும் வகுக்கப்பட்டன. முதலில் அளவு, பிறகு கட்டிடம் என்ற முறை இது.

அளவு மீறிய இடங்கள்

பிலிப்பைன்ஸ் தேசத்தில் போரகாய் என்றொரு தீவு உண்டு. பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். நம் பக்கத்துப் பெரிய வருவாய்க் கிராமம் ஒன்றின் அளவென்று கொள்ளலாம். 2017ஆம் ஆண்டில் அங்கே வந்தவர் தொகை 20 லட்சம். விடுதிகளின் கழிவு நீர் முறையாகச் சுத்தி செய்யப்படாமல் கடலில் விழுந்தது. 2018 ஏப்ரல் 26ஆம் தேதி முதல் ஆறு மாதத்துக்கு அத்தீவை அரசாங்கம் அடியோடு மூடிவிட்டது. நஷ்டப்பட்டவர் யார்? முதலாளிகள் தாங்கிக்கொண்டனர், அறை துடைத்தவரும் படகு தள்ளியவரும் சமையல் செய்தவருமே பிழைப்பின்றித் தவித்தனர். மறுபடி திறந்தபோது, நாள் ஒன்றுக்கு 6,405 பேருக்குமேல் வந்திறங்கலாகாது என்று வரம்பு விதித்தனர். அவ்வரம்பைப் பத்தாண்டு முன்னரே விதித்திருந்தால் மூடவேண்டிய அவசியமே நேர்ந்திராது.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் கழிவு நீரன்று, படகு நங்கூரமும் மனிதர் கூட்டமும் பவளப் பாறைகளைக் கெடுத்தன. 2018 ஜூனில் மூடினர். 2022 ஜனவரியில், ஒரு வேளைக்கு 375 பேர் என்ற கணக்கில் திறந்தனர். மாலத்தீவில் 2015 முதல் யாத்திரீகரிடம் இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி வசூலிக்கின்றனர். நம் மாகாணத்திலேயே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. யாத்திரீகர் அதற்குக் காரணமன்று. சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கென்று வெட்டியெடுத்ததே காரணம். அரணை இழந்த தீவை அலை அரித்துக்கொண்டது. சுண்ணாம்புக் கல்லின் மேலேயே குடியிருக்கும் அரியலூர்வாசிகளுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இங்குள்ள சுண்ணாம்பும் பழைய கடற்பிராணிகளின் ஓடுகளால் ஆனதே.

உதகமண்டலமும் கொடைக்கானலும் தீவுகள் அல்ல. ஆயினும் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7ஆம் தேதி முதல் அங்கே செல்லும் வாகனங்களுக்கு அனுமதிச் சீட்டு ஏற்பட்டது. மலை உச்சியும் ஒரு தீவே.

மேற்கண்டவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். எல்லா இடத்திலும் ஒரே பொருள் தீர்ந்துபோகவில்லை. மணல் தீவில் தண்ணீர், போரகாயில் கழிவைத் தாங்கும் கடல், மாயாவில் பவளப் பாறை, மலையூர்களில் சாலை. எது முதலில் தீர்ந்துபோகுமோ, அதைக் கண்டு அதைத்தான் அளக்க வேண்டும். மற்றவற்றை எண்ணிக்கொண்டிருப்பது வீண்.

கரைவெட்டியில் தீர்ந்துபோகக்கூடியது எது?

தீவின் கணக்கை அப்படியே ஏரிக்கு ஒட்டவைப்பது தவறாகும். ஏரியில் ஓர் ஏக்கரில் ஓரடித் தண்ணீர் என்பதே சுமார் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். பறவை பார்க்க வருவோர் குடிக்கும் தண்ணீரால் ஏரி வற்றாது. இங்கே முதலில் கெடுபவை மூன்று: ஏரியின் அமைதி, மண் கரை, கரையோரத்து நிலம்.

புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர் தண்ணீரும், வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி நிரம்புகிறது. அதன்பின் பறவைகள் வருகின்றன. சுமார் 198 வகைகள் பதிவாகியுள்ளன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலியவை வடதேசங்களிலிருந்து வருபவை. வரித்தலை வாத்து இமயமலையையே தாண்டி வருகிறது. இவ்வளவு தூரம் வந்த பறவைக்கு இரையும் ஓய்வும் அவசியம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் திரும்பிப் போவதற்குள் உடலில் கொழுப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவை வெருண்டு எழும்போதும் சேர்த்ததில் ஒரு பகுதி கரைகிறது.

இதில் குடியானவர்க்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வரித்தலை வாத்து புல்லையும் இளம் பயிரையும் மேயும் ஜாதி. ஏரியில் அமைதி கெட்டால் கூட்டம் எழுந்து பக்கத்து வயலில் இறங்குவது இயல்பு. ஒலிபெருக்கி வைப்பதும், வாண வேடிக்கை விடுவதும், கரையோரம் ஓடிப் பறவையை எழுப்பிப் படம் பிடிப்பதும் கடைசியில் ஆயக்கட்டுக் குடியானவனின் வயலில் வந்து முடிகின்றன. சிவகங்கை ஜில்லாவின் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள், பறவைகளின் பொருட்டுப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் குடியானவர்களோ, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதைக் கண்டு நெடுங்காலமாக வேட்டைக்காரரை அண்டவிடாமல் காத்தனர். அவ்வுரிமையை 1858இல் ஜில்லாக் கலெக்டர் அங்கீகரித்தார். சரணாலயச் சட்டம் எதுவும் இல்லாத காலத்தில், லாபநஷ்டம் அறிந்த விவசாயிகள் தாமாகச் செய்த ஏற்பாடு அது.

இரண்டாவது, கரை. ஏரிக்கரை மண்ணால் ஆனது. பாரவண்டி ஏறினால் சக்கரத் தடம் பதியும். தடத்தில் மழைநீர் ஓடும். ஓடிய இடம் வாரியாகும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி ததும்பி நிற்கையில் அவ்வாரியே உடைப்புக்கு வாயிலாகும். ஆகையால் கார், வேன், பஸ் எதுவும் கரைமேல் ஏறாதபடி ஊருக்குள்ளேயே நிறுத்துமிடம் ஏற்படுத்துவது உசிதம். அங்கிருந்து நடந்தோ சைக்கிளிலோ மாட்டுவண்டியிலோ செல்லலாம். உழவு குறைந்த காலத்தில் வண்டிமாடு வைத்திருப்போருக்கு அது ஒரு வருவாய். நிறுத்துமிடக் கட்டணத்தை ஊராட்சி வசூலித்து, அதில் ஒரு பங்கைக் கரை மராமத்துக்கென்று தனியே எழுதி வைக்கலாம். மாலத்தீவின் பசுமை வரியும் இதே தத்துவத்தில் எழுந்ததே.

மூன்றாவது, கரையோரத்து நிலம். பெயர் பரவியவுடன் மனை வியாபாரம் தலைகாட்டும். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின்படி, கடந்த பத்தாண்டில் கண்ட சராசரி உயர்ந்த வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டிடம் எழுப்பலாகாது. குப்பை கொட்டுவதும் சுத்தி செய்யாத கழிவு நீரை விடுவதும் கூடாது. இவ்விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலர்கள் புலப்படத்தை வைத்துக்கொண்டு, வெள்ள மட்டம் எந்தெந்தப் புல எண்களில் வருகிறது என்று பார்த்து, ஐம்பது மீட்டர் எல்லையில் கல் நட்டு வைக்க ஏற்பாடு செய்தால், பிற்பாடு வரும் வழக்குகளில் பாதி குறையும். கல் நடுவதற்கு நல்ல தருணம், நிலத்துக்கு விலை ஏறுவதற்கு முன்புதான்.

ஆயக்கட்டுதாரருக்கும் சரணாலயத்துக்கும் இடையே உள்ள பழைய விவகாரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் வேண்டுவோர் மதகைத் திறக்கக் கேட்பர். பறவைக்குப் பங்குனி வரையிலாவது ஆழமற்ற தண்ணீர் நிற்பது நலம். யாத்திரீகர் வரத்தொடங்கினால் மூன்றாவது ஒரு கட்சியும் சேரும். பார்ப்பதற்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்று அக்கட்சி விரும்பும். பாசன உரிமை முந்தியது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் வாய்ச்சொல்லில் விடாமல், 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கமும் வனத்துறையும் நீர்வளத்துறைப் பொறியாளரும் சேர்ந்து, எந்த மாதத்தில் மதகு எவ்வளவு, கடைசியில் நிறுத்த வேண்டிய மட்டம் எது என்று அளவுக்கல்லில் குறித்துக்கொள்வது மேல். விடுதிக்காரரின் விருப்பம் அவ்வளவுக்கல்லை அசைக்க இடமளிக்கலாகாது.

ஏரிக்கு மேற்புறத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடுவோர்க்கும் இதில் பங்குண்டு. அவர்கள் வயலில் கரைந்த உரமும் பூச்சிமருந்தும் வண்டலும் வாய்க்கால் வழியே ஏரியில்தான் இறங்குகின்றன. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு உழுதால் மண்ணும் தங்கும், ஏரியும் தூர்ந்துபோகாது.

வரும் பணம் எங்கே நிற்கிறது?

தீவுகளில் கண்ட மற்றொரு குறை, வந்த பணம் ஊரில் தங்காமல் வெளியே ஓடிப்போவது. விடுதிக்கு அரிசியும் காய்கறியும் வெளியிலிருந்து கப்பலில் வந்தால், யாத்திரீகர் கொடுத்த பணமும் அதே கப்பலில் திரும்பிப் போகிறது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி, செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம், வறுகடலை, சுட்ட மக்காச்சோளம், கம்பங்கூழ், நீர்மோர் ஆகியவை கையருகே இருக்கின்றன. இவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்கள் நிறுத்துமிடத்திலேயே விற்றால், பணமும் ஊரில் நிற்கும். தாள் உறைகளில் அடைத்த தின்பண்டத்தின் குப்பையும் குறையும். ஒருதடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் நம் மாகாணத்தில் தடுக்கப்பட்டிருப்பதை நினைவூட்டுவதோடு நிற்காமல், கொட்டாங்கச்சியிலும் மந்தாரை இலையிலும் கொடுக்க ஏற்பாடு செய்வதே காரியம் ஆகும். வேலை வாய்ப்பில் ஆயக்கட்டுக் கிராமங்களின் இளைஞர்களுக்கு முதலிடம் தருவதும் நியாயம். பறவையின் பெயரும் வழக்கமும் அறிந்த வழிகாட்டி, வெறும் காவலாளியைவிட ஏரிக்கு நல்ல பாதுகாப்பு.

சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18 மீட்டர் நீளமுள்ள, சுமார் 12 கோடி ஆண்டு வயதுடைய அம்மரத்துக்குத் தேசியச் சின்னம் என்ற பாதுகாப்பு உண்டு. காரைப் பக்கத்து ஓடைகளுக்கோ வேலி கிடையாது. ஏரித் தண்ணீர் அடுத்த மழையில் திரும்ப வரும். ஜேபியில் போட்டுக்கொண்டு போன கடற்சங்குக் கல் திரும்ப வராது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதை முன்னதாகவே எடுத்துச் சொல்லி, கல் வேண்டுமெனில் வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம்.

ஓய்வு நாள் வைப்பதும் நமக்குப் புதியதன்று. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் ஆலயம் வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய நாட்களிலேயே வழக்கமாகத் திறக்கப்படுகிறது. அதனால் அவ்வம்மனிடம் பக்தி குறைந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பறவைகள் மிகுந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் வாரம் இரண்டு நாளேனும் ஏரிக்கரையைப் பார்வையாளருக்கு அடைத்து வைப்பதை வனத்துறையிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றுள் எதைச் செய்யவும் அக்டோபர் 2ஆம் தேதிக் கிராம சபை தக்க தருணம். அப்போது ஏரியில் தண்ணீர் சேரத் தொடங்கியிருக்கும், பார்வையாளர் கூட்டம் தொடங்கியிராது. கரைவெட்டி, வெங்கனூர் முதலிய கிராமங்களின் சபைகளில் வாகனம் நிறுத்துமிடம், கட்டணம், ஒலிபெருக்கித் தடை, ஐம்பது மீட்டர் எல்லைக் கல் ஆகிய நான்கையும் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம். கூடவே ஒரு பதிவேடும் தொடங்குவது நலம். வாரம் ஒரு தடவை அளவுக்கல்லின் மட்டம், அன்று வந்த வாகனங்களின் எண்ணிக்கை, கூட்டமாகப் பறவை எழுந்த தடவைகள், பறவை இறங்கிச் சேதமான வயலின் புல எண், இவ்வளவே எழுதினால் போதும். பங்குனியில் பறவைகள் திரும்பியபின், எத்தனை வாகனத்துக்குமேல் வந்த வாரங்களில் வயற்சேதம் கூடியது என்று அப்பதிவேட்டைப் பார்த்து, மறு ஆண்டுக்குரிய வரம்பை நிர்ணயிக்கலாம்.